மே மாதத்துக் கேள்வியும் ஜூலை முதலாம் திகதியும்: ரொறன்ரோ மேப்பிள் லீஃப்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

ஸ்கார்பரோ, ஒன்ராறியோ
2025 ஜூலை இறுதி

மதிப்புக்குரிய பொது முகாமையாளர் பிராட் ட்ரெலிவிங் அவர்களுக்கும் ஹொக்கி நிர்வாகக் குழுவினருக்கும்,

எங்கள் ஐஸ் ஹொக்கி அணியின் நட்சத்திரம் மிட்ச் மார்னர் போய்விட்டார். ஜூன் 30ஆம் திகதி எட்டு வருடம், 96 மில்லியன் டொலர் என்று கையெழுத்து வாங்கி, அடுத்த மூச்சிலேயே அவரை வேகஸ் அணிக்கு அனுப்பினீர்கள். திரும்பி வந்தவர் நிக்கொலா ருவா என்ற ஒருவர். நல்ல உழைப்பாளி, மூன்றாம் லைனில் (லைன் என்பது சேர்ந்து இறங்கும் மூன்று முன்கள வீரர்கள்) சென்டராக விளையாடக்கூடியவர். ஆனால் போன சீசனில் 102 புள்ளி (கோலும் கோலுக்குக் கொடுத்த பாஸும் சேர்த்து) எடுத்தவருக்கு ஈடாக வந்தவர் என்று பார்த்தால் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இந்த மடல் மார்னரை வைத்திருக்க வேண்டும் என்று வாதாடவும் அல்ல, போனது நல்லது என்று கைதட்டவும் அல்ல. ஆறு வருடமாக இந்த நகரம் அதை மட்டுமே கதைத்தது. மார்னர் பிறந்த மார்க்கத்திலும், பக்கத்தில் ஸ்கார்பரோவிலும், எங்கள் சனத்தின் தேநீர்க் கடைகள் வரைக்கும் அந்த வாக்குவாதம் வந்தது. நாங்கள் சொல்ல வருவது வேறு. 'இந்த நட்சத்திரத்தை வைத்திருப்பதா, விடுவதா' என்ற கேள்வியை ரொறன்ரோ எப்போதும் மே மாதத்தில், பிளே ஓஃப் என்ற வெளியேற்றச் சுற்றில் ஒரு தொடரின் கடைசியான ஏழாவது ஆட்டம் தோற்ற மறுநாள் கேட்கிறது. ஆனால் அதற்குப் பதில் சொல்லும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கும் நாள்கள் ஒப்பந்தத்தில் முன்கூட்டியே அச்சாகிவிட்டன. மார்னர் விடயத்தில் அந்த நாள் 2023 ஜூலை 1. அது உங்கள் கையைவிட்டுப் போய் இரண்டு வருடம் கழித்துத்தான் எல்லோரும் கூச்சல் போட்டோம். இதே கடிகாரம் இப்போது அணித்தலைவர் ஓஸ்டன் மத்தியூஸின் ஒப்பந்தத்தில் ஓடுகிறது. அதனால்தான் இப்போதே எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. கூச்சல் எவ்வளவு நியாயமானது என்று தெரியாமல் அடுத்த முடிவை எடுக்க முடியாது.

மார்னர் லீஃப்ஸுக்காக 657 வழமைச் சீசன் ஆட்டங்களில் 221 கோல், 520 அசிஸ்ட் (கோலுக்குக் கொடுத்த பாஸ்). பிளே ஓஃப்பில் 70 ஆட்டங்களில் 13 கோல், 50 அசிஸ்ட். சீசனில் அடித்த வேகத்திலேயே பிளே ஓஃப்பிலும் அடித்திருந்தால் 70 ஆட்டத்தில் 23 அல்லது 24 கோல் வந்திருக்க வேண்டும், 79 புள்ளி வந்திருக்க வேண்டும். வந்தது 13 கோலும் 63 புள்ளியும். புள்ளியில் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது. பிளே ஓஃப்பில் எல்லா அணிகளுக்கும் கோல் குறையும் என்பதால் அது பெரிய பாவம் அல்ல. கோலில் ஏறக்குறையப் பாதி போய்விட்டது. அது கேள்விக்குரியது.

இப்போது மத்தியூஸை அதே தராசில் வையுங்கள். 629 ஆட்டங்களில் 401 கோல் போட்டவர் அவர். பிளே ஓஃப்பில் 68 ஆட்டங்களில் 26. சீசன் வேகத்தில் 43 வந்திருக்க வேண்டும். அங்கேயும் நாற்பது வீதம் காணவில்லை. கோல் போடுவதே தன் தொழில் என்று இருப்பவருக்கு இந்தச் சரிவு, பாஸ் கொடுப்பதே தொழில் என்று இருப்பவரின் சரிவைவிடக் கூடுதலாக வலிக்க வேண்டும். வலிக்கவில்லை. மார்னரின் பெயரைச் சொல்லிச் சத்தம் போட்ட எங்களில் அரைவாசிப் பேர் மத்தியூஸின் 34ஆம் இலக்கச் சட்டையோடுதான் நின்றோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அணியின் கணக்கு இன்னும் கொடுமையானது. 2018இல் பொஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் 7-4 என்று தோற்றோம். அன்று நான்கு கோலாவது வந்தது. அதற்குப் பிறகு வென்றால் மேலே, தோற்றால் வீடு என்று வந்த முடிவு ஆட்டங்கள் ஆறு: 2019 பொஸ்டன் 5-1, 2020 கொலம்பஸ் 3-0, 2021 மொன்றியல் 3-1, 2022 டம்பா பே 2-1, 2024 பொஸ்டன் மேலதிக நேரத்தில் 2-1, 2025 புளோரிடா 6-1. ஆறிலும் தோல்வி. ஆறு ஆட்டத்திலும் லீஃப்ஸ் போட்ட கோல் மொத்தம் ஐந்து. இதை ஒரு பெடியனின் தலையில் கட்ட முடியாது. 2023இல் புளோரிடாவுடன் ஆடிய ஐந்து ஆட்டத்திலும், வென்ற ஆட்டம் உட்பட, சொல்லிவைத்தாற்போல இரண்டே இரண்டு கோல். ஒரு ஆட்டத்தில்கூட மூன்றாவது வரவில்லை. அந்தத் தொடரில் மத்தியூஸ் ஒரு கோலும் போடவில்லை.

'நெஞ்சுரம் இல்லை' என்பதுதான் ரசிகர்கள் சொல்லும் காரணம். அதை நாங்கள் ஏற்கவில்லை. 2016இல் லண்டன் நைட்ஸ் அணி இளையோருக்கான மெமோரியல் கிண்ணம் வென்றபோது போட்டியின் சிறந்த வீரர் மார்னர். இந்த வருடம் பெப்ரவரியில் நான்கு நாடுகள் போட்டியில் கனடாவுக்காக ஆடி, சுவீடனுக்கு எதிராக மேலதிக நேரக் கோலைப் போட்டவர் அவர். அமெரிக்காவுடனான இறுதியாட்டத்தில் கொனர் மெக்டேவிட் போட்ட வெற்றிக் கோலுக்கு பக்கை (ஆடும் ரப்பர் தட்டை)க் கொடுத்தவரும் அவர்தான். நடுங்குகிற கை அந்தப் பாஸைக் கொடுக்காது.

அப்படியானால் ஏன்? இதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

மார்னரின் விளையாட்டு காத்திருப்பில் இருக்கிறது. பக்கை ஸ்டிக்கில் வைத்துக்கொண்டு, எதிரணி டிஃபென்ஸ்காரர் ஒரு அடி அசையும் வரை பொறுத்திருந்து, அந்த அசைவில் திறக்கிற வழியால் பாஸ் விடுவார். கோலிக்கு (கோல் காப்பாளருக்கு) முன்னால் குறுக்கே போகும் பாஸ்தான் ஹொக்கியில் ஆபத்தானது. கோல் வாய் 6 அடி அகலம். இடது கம்பத்தில் நிற்கும் கோலி வலது கம்பத்துக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் ஷொட் வந்துவிட்டால் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பாதி கோல் திறந்து கிடக்கும். நவம்பர் மாதத்து ஆட்டத்தில், நேற்று இரவு வேறு நகரத்தில் விளையாடிவிட்டு விமானத்தில் வந்த அணி அந்த வழியைத் திறந்து விட்டுவிடும். ஒரே அணியோடு இரண்டு கிழமையில் ஏழு ஆட்டம் என்று வரும்போது விடாது. ஒவ்வொரு இரவும் வீடியோ போட்டு, 'இவர் இங்கே நின்றால் ஸ்டிக்கை இங்கே வை, உடம்பை அங்கே வை' என்று பாடம் நடக்கும். இரண்டாவது ஆட்டத்துக்குள் குறுக்குப் பாஸின் வழியில் ஒரு ஸ்டிக் நிரந்தரமாகக் கிடக்கும். காத்திருக்கும் நேரத்தில் இன்னொருவர் வந்து பலகைச் சுவரோடு அமுக்குவார். சீசனில் விசில் ஊதப்படும் பல அமுக்கல்களுக்கு மூன்றாவது ஆட்டத்துக்குப் பிறகு விசில் வராது.

பவர் பிளேயில் இது அப்பட்டமாகத் தெரியும். எதிரணியில் ஒருவர் இரண்டு நிமிடம் வெளியே, ஐந்து பேருக்கு எதிராக நான்கு பேர். லீஃப்ஸ் பவர் பிளே வருடக்கணக்காக ஓரத்தில் நிற்கும் மார்னரின் ஸ்டிக்கால்தான் ஓடியது. போன சீசனில் அவரை மேலே நடுவில் நிறுத்தி ஐந்து முன்கள வீரர்களோடு ஆடிப் பார்த்தீர்கள். எங்கே நின்றாலும் முதல் நோக்கம் ஒன்றுதான்: மத்தியூஸின் ஷொட். அந்த ஒரு வழியை நால்வரும் சேர்ந்து மூடிவிட்டு, தங்கள் பகுதியின் எல்லையான நீலக் கோட்டில் மூன்று பேரை வரிசையாக நிறுத்தி உள்ளே நுழைவதையே கஷ்டமாக்கினால், இரண்டு நிமிடத்தில் ஒரு நிமிடம் பக்கைத் திருப்பிக் கொண்டுவருவதிலேயே போய்விடும். நுழைந்த பிறகும் ஷொட் ஓரத்திலிருந்துதான் வரும். கோலியின் கண்ணை மறைக்க ஒருவர், ரீபவுண்டுக்கு ஒருவர் என்று வலைக்கு முன்னால் ஆள் இல்லாத ஓரத்து ஷொட் என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி லீக்) கோலிக்குப் பயிற்சி மாதிரி.

2021 மொன்றியல் தொடரில் 23 பவர் பிளேக்கு 3 கோல். 2024 பொஸ்டன் தொடரில் 21க்கு 1. அந்த 2024 சீசன் முழுவதும் நான்கு பவர் பிளேக்கு ஏறக்குறைய ஒரு கோல் என்று போட்ட அணி இது. அந்த விகிதத்தில் 21க்கு 5 வந்திருக்க வேண்டும். தொடர் முடிந்தது மேலதிக நேரத்தில் ஒரே ஒரு கோலில். மார்னர் அந்த ஏழு ஆட்டத்தில் ஒரு கோல், இரண்டு அசிஸ்ட். இதில் எது நோய், எது அறிகுறி? எங்கள் கணிப்பில் பவர் பிளே திட்டம் நோய். மார்னரின் மூன்று புள்ளி அறிகுறி. திட்டம் ஒன்றே ஒன்றாக இருந்து, அது மூடப்பட்ட பிறகு இரண்டாவது திட்டம் பையில் இல்லை என்றால், நட்சத்திரத்தின் பெயர்ப் பலகையில் பூச்சியம் விழும்.

அதற்காக அவரை முழுதாக விடுவிக்கவும் மாட்டோம். 2021இன் ஆறாவது ஆட்டத்தில் மூன்றாம் பிரிவில் தன் பக்கத்திலிருந்து பக்கைக் கண்ணாடிக்கு மேலால் வெளியே அடித்தார். அழுத்தம் வரும்போது அவசரமாகத் தூக்கி அடிப்பவர்களுக்கு நடக்கும் பிழை அது, இரண்டு நிமிடத் தண்டனை. மொன்றியல் அந்த நேரத்தில் கோல் போட்டது. வழி மூடிக் கிடக்கும்போது பக்கை வலைக்கு முன்னால் எறிந்துவிட்டுத் தானே போய் இடிபடும் அழுக்கு வேலையும் அவருக்குக் கடைசி வரை இயல்பாக வரவில்லை. உண்மையான குறை அங்கேதான். அந்தக் குறை 2019இலேயே தெரிந்தது.

நீங்களும் நாங்களும் பிழை விடும் இடம் இன்னொன்று: ஏழு ஆட்டத்தை வைத்து ஒருவரை அளப்பது. ஆட்டத்துக்கு இரண்டு மூன்று ஷொட் அடித்து, நூறு ஷொட்டுக்கு 12 கோல் என்று போடும் ஒரு நல்ல வீரரை எடுங்கள். ஒரு தொடரில் 17 ஷொட் அடித்தும் ஒன்றும் உள்ளே போகாமல் இருப்பதற்கு ஒன்பதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது, வெறும் அதிர்ஷ்டத்தினால். எனவே ஒரு தொடரில் பூச்சியம் என்பது ஒன்றும் சொல்லாது. மார்னர் 2019 தொடக்கம் 2022 வரை பதினெட்டு பிளே ஓஃப் ஆட்டங்கள் தொடர்ச்சியாகக் கோல் இல்லாமல் விளையாடினார். அது கொஞ்சம் சொல்லும். 70 ஆட்டம் நிறையவே சொல்லும். ஆனால் 70 ஆட்டம் சேரும்போது ஒப்பந்தம் முடிந்துவிடுகிறதே! அதனால் கோலை எண்ணிக்கொண்டு காத்திருக்க முடியாது. வலைக்கு முன்னாலிருந்து தானாக அடித்த ஷொட் எத்தனை, ஐந்துக்கு ஐந்து ஆடும்போது அவர் ஐஸில் நிற்க யார் பக்கம் நல்ல வாய்ப்புகள் விழுந்தன, நீலக் கோட்டைப் பக்கோடு கடந்தது எத்தனை தரம், எதிரணியின் எந்த டிஃபென்ஸ் சோடி அவருக்கு எதிராக அனுப்பப்பட்டது, அந்தச் சோடியிடமிருந்து தப்ப உங்கள் பயிற்றுநர் லைனை மாற்றினாரா என்பவற்றை எண்ணுங்கள். இவை ஒரு ஆட்டத்தில் பத்து இருபது தரம் நடப்பவை. இரண்டு வசந்தத்தில், அதாவது இரண்டு பிளே ஓஃப்பில், நம்பக்கூடிய விடை வரும். உங்கள் ஆய்வுப் பிரிவிடம் இதெல்லாம் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். அதை எந்த மாதத்தில் திறந்து பார்க்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

திகதிக்கு வருவோம்.

2019 செப்டெம்பரில் மார்னருடன் ஆறு வருட ஒப்பந்தம், வருடத்துக்கு ஏறக்குறைய 10.9 மில்லியன். மத்தியூஸுக்கு 11.6, ஜோன் டவாரெஸுக்கு 11, வில்லியம் நைலாண்டருக்கு ஏறக்குறைய 7. நால்வருக்கும் சேர்த்து 40.5 மில்லியன். அந்த வருடத்துச் சம்பள உச்சவரம்பு (ஒரு அணி எல்லா வீரர்களுக்கும் சேர்த்துக் கொடுக்கக்கூடியது) 81.5. அதாவது சரிபாதி. உடுப்புப் போட்டு இறங்கும் 20 பேரில் நால்வருக்குப் பாதிக் காசு, மீதிப் பதினாறு பேருக்கு மீதிப் பாதி. உச்சவரம்பு வருடா வருடம் ஏறும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. கோவிட் வந்தது. 2021-22 வரை 81.5இலேயே நின்றது, அடுத்த இரண்டு வருடமும் ஒவ்வொரு மில்லியன்தான் ஏறியது. மூன்றாம் நான்காம் லைன் அடிமட்டச் சம்பளக்காரர்களால் நிரம்பியது. 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். அளந்துதான் போட்டீர்கள், ஆறு வற்றிவிட்டது. அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்லக்கூடியது அடுத்தது. லீக்கின் விதிப்படி, கட்டுப்பாடில்லாத ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்ததும் விரும்பிய அணிக்குப் போகக்கூடியவர்) ஆகும் தகுதி வரும் வயதுக்கு முன் ஒரு வீரருக்கு 'நகர்த்தக் கூடாது' என்ற பாதுகாப்பு அமுலுக்கு வர முடியாது. அந்தத் தகுதி ஏழு சீசனில் அல்லது 27 வயதில் வரும். மார்னரின் ஏழாவது சீசன் 2022-23. அதனால் அவருடைய ஒப்பந்தத்தில் முழுப் பாதுகாப்பு 2023 ஜூலை 1இல் தொடங்கியது. ஜூன் 30 இரவு வரை அவரை எந்த அணிக்கும் அவருடைய சம்மதம் கேட்காமல் அனுப்பலாம். அடுத்த காலை அவர் 'இல்லை' என்றால் இல்லை.

அந்த வசந்தத்தில் என்ன நடந்தது? 2004க்குப் பிறகு முதல் தடவையாக ஒரு தொடரை வென்றோம். டம்பாவை ஆறு ஆட்டத்தில் வீட்டுக்கு அனுப்பினோம். அந்த பிளே ஓஃப்பில் மார்னர் 11 ஆட்டத்தில் 14 புள்ளி, அவருடைய மிகச் சிறந்த வசந்தம். பிறகு புளோரிடாவிடம் ஐந்து ஆட்டத்தில் சரிவு. மே 19இல் அப்போதைய பொது முகாமையாளர் கைல் டுபாஸை அனுப்பினீர்கள். மே 31இல் ட்ரெலிவிங் வந்தார். அவருக்கு முன்னால் 31 நாள்கள் இருந்தன: புது அலுவலகம், ட்ராஃப்ட் (இளம் வீரர்களைத் தெரிவு செய்யும் நிகழ்வு), மத்தியூஸின் அடுத்த ஒப்பந்தப் பேச்சு, அதற்குள் நகரத்தின் மிகப் பெரிய ட்ரேட் (வீரர் பரிமாற்றம்). எந்த மனிதரும் அந்த 31 நாளில் அதைச் செய்திருக்க மாட்டார். பொது முகாமையாளரை மாற்றுவதற்கு அதைவிட மோசமான மாதத்தை ஒப்பந்தப் புத்தகத்தில் தேடினாலும் கிடைக்காது. மார்னரின் விலை உச்சியில் நின்றதும் அந்த ஜூனில்தான்: 14 புள்ளி வசந்தம், இரண்டு வருட ஒப்பந்தம் மிச்சம், எந்தத் தடையும் இல்லை.

அடுத்த வாய்ப்பு 2024 ஜூலை 1. ஒப்பந்தத்தை நீடிக்கப் பேசலாம் என்ற நாள் அது. கையெழுத்து வரவில்லை. அப்போதே விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் கடைசி வருடத்துக்குள் நடந்தோம். இந்த மார்ச்சில் கரோலைனாவின் நட்சத்திரம் மிக்கோ ரன்டனனுக்கு ஈடாக அந்த அணிக்குப் போகச் சம்மதிப்பாரா என்று மார்னரிடம் கேட்டீர்கள், அவர் மறுத்தார் என்று செய்திகள் வந்தன. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

கரோலைனாவையும் கொலராடோவையும் பாருங்கள். ரன்டனனுடன் விலை ஒத்துவராது என்று தெரிந்ததும் கொலராடோ ஜனவரியில் அவரைக் கரோலைனாவுக்கு விற்று மார்ட்டின் நேச்சஸை வாங்கியது. கரோலைனாவும் அவர் கையெழுத்துப் போட மாட்டார் என்று கண்டதும் ஆறு கிழமையில் டலஸுக்கு விற்று, லோகன் ஸ்டான்கோவனையும் இரண்டு முதற்சுற்று ட்ராஃப்ட் தெரிவுகளையும் எடுத்தது. விற்றது சரியா என்பதற்கு வேறு விதமான பதிலும் உண்டு. மே மாதம் ஏழாவது ஆட்டத்தில், அதுவும் மூன்றாம் பிரிவில் மட்டும், ரன்டனன் தன் பழைய கொலராடோவுக்கே மூன்று கோல் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். ஆனால் இரண்டு அணியும் வெறுங்கையோடு நிற்கவில்லை.

ட்ரெலிவிங் அவர்களுக்கு இந்தப் பாடத்தை நாங்கள் சொல்லத் தேவையில்லை. 2022 ஜூலையில் கல்கரியில், 115 புள்ளி எடுத்த, இப்போது மறைந்துவிட்ட ஜோனி கோட்ரோ ஒரு சதமும் திரும்பி வராமல் கொலம்பஸுக்குப் போனதைப் பார்த்தவர் அவர். அடுத்த சில நாள்களிலேயே மாத்தியூ கச்சக், நீண்ட ஒப்பந்தம் போட மாட்டேன் என்றார். அவரைப் புளோரிடாவுக்கு அனுப்பி ஜோனதன் ஹூபர்டோவையும் மக்கென்சி வீகரையும் எடுத்தார். அந்த நிலையில் அது நல்ல விலை. அந்த ட்ரேட்டின் மறுபக்கத்தைத்தான் நாங்கள் திருப்பித் திருப்பி நினைக்கிறோம். சீசனில் முதலிடம் வந்த புளோரிடா, 115 புள்ளி எடுத்த தன் நட்சத்திரம் பிளே ஓஃப்பில் 10 ஆட்டத்தில் 5 புள்ளியோடு நின்றதைப் பார்த்து, ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் இருக்கும்போதே அவரை மேசையில் வைத்தது. ஹூபர்டோ அடுத்த சீசனில் 55 புள்ளிக்கு இறங்கினார். கச்சக்கின் புளோரிடா 2023இலும் 2025இலும் எங்களை வீட்டுக்கு அனுப்பியது, 2024இலும் 2025இலும் லீக் சாம்பியனுக்கான ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கியது.

எல்லா ட்ரேட்டும் இப்படி முடியாது. பொஸ்டன் 2005 நவம்பரில் ஜோ தோர்ன்டனை விற்றது. விலா எலும்பில் காயத்தோடு விளையாடிய 2004 பிளே ஓஃப்பில் ஏழு ஆட்டத்தில் ஒரு புள்ளியும் இல்லை என்பது அவர்மேல் இருந்த பெரிய குற்றச்சாட்டு. அந்த வருடமே அவர் சான் ஹொசேயில் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை எடுத்தார். பொஸ்டன் 2011இல் கிண்ணம் வென்றபோது அந்த ட்ரேட்டில் வந்த மூவரில் ஒருவரும் அணியில் இல்லை. அவர்களுக்கு உதவியது மிச்சமான சம்பள இடம். அடுத்த கோடையில் செடேனோ சாராவை வாங்கியது அந்த இடத்தில்தான். வொஷிங்டன் தன் நட்சத்திரம் ஒவெச்கினை விற்கவில்லை. 2010இல் மொன்றியலிடம் 3-1 முன்னிலையிலிருந்து தோற்றபோதும் வைத்திருந்தது. 2018இல் கிண்ணம். ஆனால் ஒரு வித்தியாசம்: தோற்ற வருடங்களிலும் ஒவெச்கின் பிளே ஓஃப்பில் ஏறத்தாழ இரண்டு ஆட்டத்துக்கு ஒரு கோல் போட்டுக்கொண்டிருந்தார். அணி தோற்றது, அவர் காணாமல் போகவில்லை. 'ஒவெச்கினுக்குப் பொறுத்தார்கள், எங்களுக்கும் பொறுங்கள்' என்று சொல்ல வருபவர்கள் முதலில் இந்த எண்ணைப் பார்க்கட்டும்.

எங்கள் வீட்டுக் கதையாக பில் கெசல் இருக்கிறார். 2015 ஜூலை 1இல் அவரைப் பிட்ஸ்பேர்க்குக்கு அனுப்பினீர்கள், சம்பளத்தில் வருடத்துக்கு 1.2 மில்லியனை நீங்களே கட்டிக்கொண்டு. அடுத்த இரண்டு வருடமும் அவர் கிண்ணம் வென்றார். 2016 பிளே ஓஃப்பில் 22 புள்ளி, அணியிலேயே அதிகம். அங்கே க்ரொஸ்பியும் மல்கினும் எதிரணியின் முதல் இரண்டு டிஃபென்ஸ் சோடிகளை இழுத்துக்கொள்ள, கெசல் மூன்றாவது சோடியோடு விளையாடினார். நட்சத்திரம் மாறவில்லை, அவருக்கு எதிராக நின்றவர் மாறினார். மார்னரும் மத்தியூஸும் ஒரே லைனில் நின்ற ஒவ்வொரு வசந்தத்திலும் எதிரணிப் பயிற்றுநரின் வேலையை நாங்களே பாதியாக்கிக் கொடுத்தோம்.

மார்னரின் 10.9 மில்லியன் எங்கே? மாத்தியூ நைஸின் புது ஒப்பந்தம் 7.75. முன்பு ஒரு மில்லியனுக்கும் குறைவாக எடுத்தவர், எனவே அங்கேயே ஏழு மில்லியன்வரை போய்விட்டது. ருவாவுக்கு 3. இரண்டையும் கூட்டினால் மார்னரின் இடம் கிட்டத்தட்ட முடிந்தது. நைஸ் நல்ல ஒப்பந்தம், அதில் குறை இல்லை. டவாரெஸ் 11இலிருந்து 4.38க்கு இறங்கி நான்கு வருடம் போட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். மக்செல்லியும் டகோட்டா ஜோஷுவாவும் அந்தக் காசில் வந்தார்கள். ஆனால் இவர்களில் எவரும் வருடத்துக்கு 75 அசிஸ்ட் கொடுப்பவர் அல்ல. அப்படிப்பட்டவர் ட்ராஃப்டிலிருந்து வர வேண்டும், அல்லது ட்ராஃப்ட் தெரிவுகளைக் கொடுத்து வாங்க வேண்டும். 2025இன் முதற்சுற்றுத் தெரிவு ஜேக் மக்கேபுக்காக சிக்காகோவுக்குப் போனது. 2026இனது பிரண்டன் கார்லோவுக்காக பொஸ்டனுக்கு, 2027இனது ஸ்கொட் லோட்டனுக்காக பிலடெல்பியாவுக்கு. மூன்று வருடம் வெறும் பை. மார்னரை 2023 ஜூனில் விற்றிருந்தால் இந்தப் பை நிரம்பியிருக்கும் என்பதுதான் எங்கள் ஆதங்கம் முழுவதும்.

இனி மத்தியூஸ். அவருடைய 13.25 மில்லியன் ஒப்பந்தம் 2027-28 சீசனோடு முடிகிறது. முழுப் பாதுகாப்பு உண்டு, எனவே அவருடைய சம்மதமில்லாமல் எதுவும் நடக்காது. நீடிப்புப் பேச்சு 2027 ஜூலை 1இல் திறக்கும். 2028 ஜூலை 1இல் அவர் யாருக்கும் சொந்தமில்லை. நாங்கள் கேட்பது இதுதான்: 2026, 2027 ஆகிய இரண்டு வசந்தங்களையும் மேலே சொன்ன அளவுகோல்களோடு எண்ணுங்கள். கோலை மட்டும் எண்ணாதீர்கள். முதுகு, மணிக்கட்டு, மேலுடம்புக் காயங்களையும் அதே தாளில் எழுதுங்கள். போன சீசனில் அவர் 67 ஆட்டம்தான் விளையாடினார், 33 கோல். 2027 ஜூன் ட்ராஃப்டுக்கு முன் அவரோடு நேராக உட்கார்ந்து கேளுங்கள்: இந்த விலையில் இருப்பீர்களா, இல்லையென்றால் எந்த அணிகளுக்குப் போகச் சம்மதம்? பாதுகாப்பு உள்ள வீரரிடம் ஒரு வருடம் மிச்சம் இருக்கும்போது கேட்டால் அவருக்கும் தெரிவு இருக்கும், உங்களுக்கும் விலை இருக்கும். மார்ச் மாத ட்ரேட் காலக்கெடு நாளில் கேட்டால் இரண்டும் இருக்காது. கையெழுத்து இல்லாமல் 2027-28 சீசனுக்குள் அவரோடு நுழையக் கூடாது. இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

அந்தக் கையெழுத்து வந்தால், பாதுகாப்பை ஒப்பந்தத்தின் எல்லா வருடத்துக்கும் முழுதாக எழுத வேண்டாம். லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான புதிய கூட்டு ஒப்பந்தத்தில் சொந்த வீரருக்கே அதிகபட்சம் ஏழு வருடம்தான். முதல் நான்கு வருடம் முழுத் தடை, பிறகு பத்து அணிகளின் பட்டியல் என்று இறக்கி எழுதுங்கள். நைலாண்டரின் 11.5 மில்லியன் ஒப்பந்தம் 2032 வரை இருக்கிறது. இன்னொரு பூட்டு வேண்டாம். 2028 தொடக்கம் முதற்சுற்றுத் தெரிவுகளை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருங்கள். நிர்வாகத்தில் யாரையாவது மாற்றும் எண்ணம் இருந்தால், கழகத் தலைவர் ஷனஹானின் பதவிக்காலத்தை இந்த மே மாதம் முடித்தது போல, 2027 மே மாதத்தில் செய்யாதீர்கள். 31 நாளில் வந்த வினையை ஒரு தடவை பார்த்துவிட்டோம்.

கிரெய்க் பெரூபேயின் பயிற்சிக் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். ஜனவரியிலிருந்தே பவர் பிளேக்கு இரண்டாவது அமைப்பு ஒன்றைப் பழக்குங்கள், அதை ஆட்டத்திலும் காட்டாமல் வையுங்கள். வலைக்கு முன்னால் நைஸ், அவருக்குப் பின்னால் கோல் கோட்டுக்குக் கீழே பக்கோடு ஒருவர், ஷொட் மேலேயிருந்து. எதிரணி மத்தியூஸை மூடும் இரவில் அதைத் திறங்கள்.

ரசிகர்களாகிய எங்கள் பக்கத்திலும் ஒரு கடன் இருக்கிறது. மே 14 இரவு ஐந்தாவது ஆட்டத்தில் 6-1 என்று போகும்போது சட்டையைக் கழற்றி ஐஸில் எறிந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். தொலைபேசியில் வீரர்களின் குடும்பத்தை இழுத்து எழுதியவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அது நிற்க வேண்டும் என்று எங்கள் வட்டத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சத்தத்துக்குப் பயந்து 2023இல் ஒரு ட்ரேட்டைத் தள்ளிப்போட்டீர்களா, அல்லது அதற்குப் பணிந்து 2025இல் அவரை விட்டீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். இரண்டுமே எங்களுக்கு வேண்டாம்.

ஒக்டோபரில் முதல் ஆட்டத்துக்கு வருவோம்.

இப்படிக்கு,
ஸ்கார்பரோ, மார்க்கம் பகுதி லீஃப்ஸ் ரசிகர்கள் சிலர்